பனங்காடும் பேட்டையும் பட்டணமும்

நம் சங்கத்துக் கூட்டங்களிலே இருவகைப் பேச்சு அடிக்கடி நிகழக் கேட்கின்றோம். பட்டணத்தினின்றும் விடுமுறைக்கு வந்த இளைஞர், "சாதியாவது, இக்காலத்திலா? அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே எமக்குத் தெரியாது. இனிச் சங்கம் எதற்கு?" என்கின்றனர். ஊரிலிருந்து வந்த முதியவரோ, "பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேநீர்க்கடையிலே, 'தம்பி யார் வீட்டுப் பிள்ளை?' என்று உன்னைக் கேட்டார்களே, அது எதற்காம்?" என்கின்றனர். இருவரும் பொய் பேசினாரல்லர். தத்தம் கண் கண்டதையே கூறினர். ஆயினும் இருவர் கூற்றும் பாதியேயாம். சாதி ஊரில் ஓர் உருவும் நகரில் வேறோர் உருவும் கொண்டு வாழ்வது. ஓரிடத்திற் கண்ட உருவை மற்றோரிடத்திற் காணாதவர் அது மாண்டதென எண்ணிவிடுகின்றனர். இதனை விளக்க வேற்றுநாட்டு நூல்களை யாம் தேடவேண்டுவதில்லை. இருநூறாண்டுக்குள் பனங்காட்டினின்றும் பேட்டைக்கும், பேட்டையினின்றும் பட்டணத்துக்கும் நடந்து வந்த குலம் நாடார் குலமாகிய நம்முடையது. அவ்வழிநடையை நோக்கினாலே போதும்.

முதற்கண் ஊரை நோக்குவாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்கள் இவையிவை எனக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு ஒருங்கே ஈழச்சேரி, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அக்கணக்கில் வருகின்றன. ஈழச்சேரியாவது கள்ளிறக்குவோர் குடியிருப்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன் அக்கணக்கை எழுதியவன் யாரையும் இகழக் கருதி எழுதினானல்லன். வாய்க்கால் இங்கே, குளம் அங்கே என்று அளந்தவாறே, இன்னார் இருப்பு இன்ன இடத்தே என்றும் அளந்து போயினான். அவ்வளவுக்கு அப்பிரிவு மண்ணோடு மண்ணாக ஊன்றிவிட்டது. ஊரிலே சாதியென்பது மனத்துள் கிடக்கும் எண்ணமாதற்கு முன்னரே தெருவாகவும் கிணறாகவும் நிலைபெற்றிருந்தது.

கொங்குநாட்டுக் கல்வெட்டுக்கள் சில இன்னும் தெளிவாகப் பேசுவன. கம்மாளர்க்கு அரசன் அளித்த உரிமைகளை அவை கூறும். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியிற் செல்லும்போது செருப்பணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பனவே அவ்வுரிமைகள். பொன்னும் மரமும் கல்லும் அறிந்து கோயில் எடுத்த கைவினைஞரே அரசன் ஆணை பெற்றுத்தான் செருப்பணிய வேண்டியிருந்ததென்றால், ஏனையோர் நிலையை யாம் விரிக்கவேண்டுவதில்லை.

இத்தகைய கட்டுப்பாடுகளை ஊரார் எவ்வாறு காத்து வந்தனர்? சட்டப்புத்தகமும் சேவகரும் வேண்டியிருக்கவில்லை. வரம்பு கடந்தவன் வீட்டிற்கு நாவிதர் வாரார். வண்ணார் துணி எடார். இழவு விழுந்தால் எடுத்துச் செல்ல உதவியில்லை. அவன் மாட்டுக்கு மேய்ச்சல் வெளி அடைபடும். கடைக்காரன் கடன் நிறுத்துவான். ஒரே ஊரில் பிறந்து, அவ்வூரிலேயே உண்டு, அவ்வூர்ச் சுடுகாட்டிலேயே வேகவேண்டியவனுக்கு இவற்றினும் பெரிய தண்டனை யாது? ஊரிலே மறைந்து வாழ இடமில்லை. ஒருவனுடைய பாட்டன் பெயர் தெரியாதார் எவரும் அங்கு இலர். ஊர்வாழ்வின் இனிமையென்று புலவர் பாடுவதும் அதுவே. அதன் கொடுமையும் அதுவே.

இனி நம்மவர் ஊர்களை நோக்குவாம். தாமிரபரணிக்குத் தெற்கே, திருச்செந்தூரைச் சூழ்ந்த செம்மணல் தேரிப் பகுதியில், நம்மவரே பெருந்தொகையினராக வாழ்ந்தனர். ஆற்றுக்கு வடக்கேயோ, பிறர் பெருந்தொகையினராகிய ஊர்களில் நம்மவர் வீடு சிலவே. பெயர் ஒன்று, தொழில் ஒன்று, வணங்கும் தெய்வம் ஒன்று. ஆயினும் இவ்விருவகை ஊரிலும் வாழ்க்கை ஒன்றாயிருக்கவில்லை. வடக்கே சில வீட்டினர் ஊரார் முகங்குறிப்பறிந்து நடக்க வேண்டியவர். தெற்கே அத்துணை அச்சமில்லை. ஆனால் அங்கே வேறொரு வரம்பு இருந்தது. நிலமும் பனையும் உடையார் ஒருசார். அப்பனையை ஏறுவார் ஒருசார். பங்குனி முதல் ஆவணி வரையில் நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறியிறங்கிப் பதநீர் கொணர்ந்தவர்களும், அடுப்படியில் நின்று அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சிய அவர்தம் மனைவியரும், மழைக்காலத்தில் வாங்கிய கடனுக்கு வேனிற்காலத்து உழைப்பை ஈடுகட்டினர். கடன் கொடுத்தவரும் பெரும்பாலும் நம்மவரே. மேல்சாதியார் நம்மைத் தாழ்த்தினரென்று சொல்லுமிடத்து, நம்முள் நாம் செய்ததையும் உடன் சொல்லுதலே வரலாற்று நெறியாம்.

திருவிதாங்கூர் நாட்டில் நிலை இன்னும் கடியது. அங்கே நம் பெண்டிர் மேலாடை அணிதல் கூடாதென்றிருந்த வழக்கமும், அதை எதிர்த்து 1820-க்குப் பின் மும்முறை எழுந்த கலகங்களும் பலரும் அறிந்தவை. 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மகாராசாவின் விளம்பரத்தால் அத்தடை நீங்கிற்று என்று மேடைகளில் முழங்குவார் ஒன்றை விட்டுவிடுகின்றனர். எவ்வகையாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது என்பதே அவ்விளம்பரத்தின் கருத்து. மானத்தைக் காக்க இசைந்தவர் வேறுபாட்டை அழிக்க இசையவில்லை. ஊர்ச்சாதியின் இயல்பு முழுதும் அவ்வொரு விதிவிலக்கில் அடங்கிக் கிடக்கின்றது.

இதனின்றும் நம்மவரை விடுவித்தது யாது? கல்வி என்பர் சிலர். சங்கம் என்பர் சிலர். அரசியல் என்பர் சிலர். எம் கருத்து, முதலில் விடுவித்தது வண்டிப்பாதை என்பதே.

1801-ஆம் ஆண்டில் பாளையக்காரர் ஆட்சி ஒடுங்கியபின், திருநெல்வேலிச் சீமையினின்றும் வடக்கே செல்லும் வழிகள் சிறிது சிறிதாக அச்சம் நீங்கின. கருப்பட்டியும் கருவாடும் உப்பும் புகையிலையும் ஏற்றிய மாட்டு வண்டிகள் நம்மவரால் ஓட்டப்பெற்று மதுரை நோக்கிச் சென்றன. இரவில் எங்கே தங்குவது? வழியில் கள்வர் அச்சம் இன்னும் இருந்தது. ஊர்ச்சாவடியை நம்பியிருத்தற்கும் இல்லை. ஆகவே, ஆங்காங்கு மதில் சூழ்ந்த வெளியொன்று அமைத்து, உள்ளே கிணறும் கொட்டகையும் சரக்கறையும் எடுத்தனர். அதுவே பேட்டை. அதனைப் பயன்படுத்தும் வணிகர், விற்ற சரக்கின் அளவுக்கேற்பச் சிறுதொகை கொடுத்தனர், அதுவே மகமை. பேட்டையையும் மகமையையும் காக்கக் குடும்பத் தலைவர் அனைவரும் கூடிய சபையே உறவின்முறை. இம்மூன்று சொற்களும் இன்றும் நம் வீடுகளில் வழங்குவன. ஆனால் மூன்றும் ஊர்ச்சொற்களல்ல, வழிச்சொற்கள் என்பதனை இளைஞர் பலர் எண்ணிப் பார்த்திலர். பனங்காட்டு ஊரில் இவற்றுக்குத் தேவையே இல்லை. பிறந்த மண்ணை விட்டு, தம்மை அறியாதார் நடுவே சரக்கோடு சென்று தங்கியபோதே, 'நாம்' என்று கூடவேண்டிய தேவை எழுந்தது.

சிவகாசி, விருதுபட்டி, சாத்தங்குடி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி என்னும் ஆறூர்ப் பேட்டைகள் இவ்வாறு வளர்ந்தன. இவற்றில் நம்மவர் பலராய், நெருங்கிய தெருக்களில், கைக்காசுடன் வாழ்ந்தனர். நாவிதர்க்கும் வண்ணார்க்கும் காசாகக் கூலி கிடைத்தமையின், ஊரார் கூடி அவர்களைத் தடுத்தல் அரிதாயிற்று. ஊரிலே எந்தச் சாட்டையால் நம்மை அடித்தனரோ அச்சாட்டை பேட்டையில் வலியிழந்தது. 1876-ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரயில்பாதை திறந்தபின், விருதுபட்டி பஞ்சு வணிகத்தால் ஓங்கிற்று; 1923-ஆம் ஆண்டில் அதன் பெயரும் விருதுநகர் என மாறிற்று.

மகமைப் பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று, பின்னர்ப் பள்ளிக்கூடமாயிற்று. விருதுபட்டியில் 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது இவ்வாறே. அதன் பொருட்டு வீடுதோறும் பெண்டிர் உலை வைக்குமுன் ஒருபிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைத்தனர் என்பது பலரும் அறிந்த செய்தி. பிடியரிசிப் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன் 1954 முதல் 1963 வரையில் சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராய் அமர்ந்து, ஊர்தோறும் பள்ளி திறந்து, ஏழைப் பிள்ளைகட்குப் பகலுணவும் அளித்தனர். காமராசர் புகழை ஈண்டு யாம் விரிக்கப் புகவில்லை. அவர் பனங்காட்டு ஊரில் பிறந்தாரல்லர், பேட்டையூரில் பிறந்தவர் என்பதையே நினைவூட்டுகின்றோம்.

உறவின்முறைக்கு மறுபுறமும் உண்டு. பிடியரிசி வாங்கிய அதே கை அபராதமும் வாங்கிற்று. சொற்கேளாதவனை விலக்கிவைத்தல், அவன் வீட்டு மணத்துக்கும் இழவுக்கும் எவரும் போகாதிருத்தல் என்னும் ஊர்த்தண்டனைகள் பேட்டைக்குள்ளும் நடந்தன. ஊராரிடம் கற்ற பாடத்தை நம்மவர் மறந்திலர் போலும்! யார் மகள் யாரை மணப்பது என்பதில் பேட்டையூர் பனங்காட்டினும் கடுமையாகவே நின்றது. பொருளும் புகழும் மிகுந்தவிடத்துக் காத்தற்கு உரியதும் மிகுமன்றோ.

பொருள் பெற்றோர் அடுத்து மதிப்பை வேண்டினர். பூணூல் அணிதலும், பல்லக்கில் ஊர்வலம் போதலும், க்ஷத்திரியர் எனக் கூறிக்கொள்ளலும், கோயிற்குட் செல்ல உரிமை வேண்டலும் பேட்டையூர்களில் எழுந்தன. 1897-ஆம் ஆண்டு மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நம்மவர் சிலர் புகுந்து வழிபட்டனர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். 1899-ஆம் ஆண்டில் மதுரை நீதிமன்றத்தில் நம்மவர்க்கு மாறாகத் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கின் முடிவைப் பின்னர்க் கூறுவாம்.

அதே 1899-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. அந்நாளைப் பற்றிய வீரக் கதைகள் நம் வீடுகளில் பல. ஆனால் அவ்வாண்டின் முழுச் செய்தி சிவகாசியில் இல்லை. திருநெல்வேலி, இராமநாதபுரப் பகுதிகளின் சிற்றூர்களில், நாலைந்து வீட்டினராய்ச் சிதறி வாழ்ந்த நம்மவர் கூரைகள் அக்கலகத்தில் எரிந்தன; பானை சட்டியும் நெல்லும் கொள்ளை போயின. கோயில் நுழைவை வேண்டியவர் பேட்டை வணிகர். அவர்க்கு மதிலும் ஆளும் துப்பாக்கியும் இருந்தன. கோயிலையே நினையாது பனையேறிப் பிழைத்த குடியானவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நகரத்தார் கேட்ட கேள்விக்கு ஊரார் விடை சொல்லவேண்டி வந்தது. இஃது அன்று மட்டும் நிகழ்ந்ததன்று. இன்றும் நகரத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் தம் சாதிப் பெருமையும் பிறர் சாதி இகழ்ச்சியும் எழுதிவிட்டு உறங்கப் போகின்றனர். மறுநாட் காலை பஸ்ஸில் பிறர் தெருவைக் கடந்து பள்ளிக்குச் செல்லவேண்டியவன் ஊர்ப்பிள்ளை.

சங்கங்களின் பிறப்பும் இவ்வழியினதே. 1910-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பொறையாற்றில், ராவ்பகதூர் இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. பல ஊரார் ஒரு நாளில் ஓரிடத்தில் கூடுதற்கு இரயில் வேண்டும். அழைப்பு அனுப்பத் தபால் வேண்டும். தீர்மானத்தை வெளியிட அச்சுக்கூடம் வேண்டும். மூன்றும் நகரம் ஈந்தவை. 1921-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கிற்று. அது 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது. அரசாங்க ஏடுகளில் அதுகாறும் சாணார் என எழுதிவந்ததை ஒழித்து, நாடார் என்றே எழுதவேண்டுமென ஆணை பிறந்ததும் 1921-ஆம் ஆண்டிலேயே. பனையூரில் ஒருவனுக்கு ஊரார் இட்ட பெயர் அவன் இறக்குமட்டும் போகாது. நகரத்திலோ, மனு எழுதிப் பெயர் மாற்றலாம் என்பது தெரியவந்தது.

ஆகவே, நகரத்தில் சாதி இல்லை, ஆதலின் சங்கம் வேண்டா என்னும் இளைஞர்க்கு எம் மறுமொழி இதுவே: சங்கமே நகரத்துச் சாதியின் வடிவம். ஊரில் சாதிக்குச் சங்கம் வேண்டியதில்லை, ஊரே சங்கம்.

இஃது இக்காலத்து நகரங்களுக்கு மட்டும் உரியதென்று கொள்ளற்க. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தெருக்கள் வேறு, பட்டினப்பாக்கத்துத் தெருக்கள் வேறு. இன்ன தொழிலார் இன்ன இடத்தே என்பது அங்கும் உண்டு. ஆங்கிலேயர் அமைத்த சென்னப்பட்டணத்தையோ நோக்குமின். கோட்டை எழுந்து இருபதாண்டு நிரம்புமுன்னரே, 1652-ஆம் ஆண்டில், வலங்கையாரும் இடங்கையாரும் தெருவுரிமை குறித்துக் கலகம் விளைத்தனர். 1707, 1708-ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் மூண்டபோது, கவர்னர் தாமசு பிட் என்பார் வலங்கையாரைப் பெத்துநாயக்கன்பேட்டையிலும் இடங்கையாரை முத்தியாலுப்பேட்டையிலும் பிரித்து அமைக்கவேண்டியதாயிற்று. யார் தெருவழியே யார் மணவூர்வலம் போவது என்பதே பெரும்பாலும் சண்டைக்குக் காரணம். கடல்கடந்து வாணிகம் செய்தோர், பல மொழி பேசினோர், ஆங்கிலேயருடன் கணக்கெழுதினோர் ஆகிய அப்பெருஞ் செல்வரே இவ்வாறு நின்றனர். இன்று வலங்கை இடங்கை என்னும் சொற்களும் பலர்க்குத் தெரியா. நகரம் பழைய வேலியை மறக்கும். புதிய வேலியை நடும்.

நகரம் உண்மையில் தளர்த்தியவை சில உள. அவற்றை மறைத்தலும் தகாது. இரயில் வண்டியில் பக்கத்தில் அமர்ந்தவனை யாரென்று கேட்டு எழுப்ப இயலாது. குழாய்நீர் இன்னார்க்கென்று பிரிந்து வாராது. நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன்பின் அதற்காக எவரும் அழக் கண்டிலம். நகரத்து முடிதிருத்தும் கடையில் காசு உண்டா என்பதே கேள்வி. தம் ஊரில் முடிவெட்ட மறுக்கப்பட்டுப் பக்கத்து நகருக்குப் பஸ்ஸேறிப் போகும் ஆதிதிராவிட மக்கள் இன்னும் உளர். பொதுவிடத்தில், அரைமணி நேரத்துப் பழக்கத்தில், நகரம் சாதியை ஒதுங்கி நிற்கச் செய்தது.

ஆனால் நெடுநாட் பழக்கத்தில்? வீடு வாடகைக்குக் கேட்டுப் போகின்றவனை நகரத்தார் சாதி கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? குலதெய்வம் எங்கே? சைவமா, அசைவமா?" என்றே கேட்பர். நாலு கேள்வியில் விடை கிடைத்துவிடும். கேட்டவர் கையில் கறை இல்லை. 2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கொண்டு நாட்டின் மிகப் பெரிய ஏழு நகரங்களை வட்டம் வட்டமாக ஆராய்ந்தோர், செல்வ நிலையால் மக்கள் பிரிந்து வாழ்தலினும் சாதியால் பிரிந்து வாழ்தலே மிகுதி எனக் கண்டனர். அவ்வேழனுள் சென்னையும் ஒன்று. மணத்திலோ, இந்திய நாடு முழுவதிலும் சாதிகடந்த திருமணம் நூற்றுக்கு ஐந்து அளவே என 2011-12-ஆம் ஆண்டை ஒட்டி எடுத்த கணக்கு காட்டிற்று. நகரம், ஊர் என்னும் வேறுபாட்டால் இத்தொகை பெரிதும் மாறவில்லை. பல்லடுக்கு மாளிகையின் எட்டாம் மாடியில் வாழ்ந்து, அடுத்த வீட்டார் பெயரறியேன் என்னும் அன்பரும், மகளுக்கு வரன் தேடும்போது முந்நூறு கல்லுக்கு அப்பாலுள்ள ஊர்க்காரரின் பங்காளி முறை வரையில் அறிந்து வைத்திருக்கின்றார்.

நம் மளிகைக் கடைகளையே நோக்குமின். சென்னையில் மூலைக்கு மூலை அவை வளர்ந்தது எவ்வாறு? ஊரிலே படிப்பு நின்ற பையனை உறவினர் அழைத்துவந்து, கடையிலேயே உண்டு உறங்கச் செய்து, பொட்டலம் கட்டக் கற்பித்து, சில ஆண்டில் சரக்குக் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்தனர். அப்பையனுக்கு நகரத்தில் வேறு எவர் கடன் கொடுத்திருப்பர்? சாதி அவனுக்கு ஏணியாயிற்று, பொய்யன்று. அதே தெருவில் அவனைப் போலவே படிப்பு நின்ற, ஆனால் அழைத்துவர உறவினர் இல்லாத, சேரிப்பையன் ஒருவன் மூட்டை சுமந்தான்; அவன் இன்னும் மூட்டை சுமக்கின்றான். ஏணி நமக்கு ஏணியாயிருந்தபோதே பக்கத்தவனுக்கு மதிலாயிருந்தது. இதைச் சொல்லாமல் நம் வணிக வெற்றியை மட்டும் எழுதுவார் பாதி வரலாறே எழுதுவர்.

ஊரின் இன்றைய நிலை யாது? 1950-ஆம் ஆண்டு சனவரி 26 முதல் தீண்டாமை அரசியற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டில் அதைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. செருப்பும் குடையும் சாந்துச் சுவரும் இன்று எவரும் தடுப்பதில்லை. பனையேறி மகன் வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்புகின்றான். ஆயினும் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-ஆம் ஆண்டில் தெருவுக்கும் தெருவுக்கும் இடையே சுவர் எழுந்தது. 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் அரசினர் அதில் ஒரு வழி இடித்துத் திறந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்டது. இராசராசன் கணக்கன் அளந்த குளமும் சேரியும் நம் காலத்தில் தொட்டியும் சுவருமாயின.

பள்ளியில் காண்பதைச் சொல்லாதிருத்தல் எம் தொழிலுக்கு அழகன்று. தென்மாவட்டங்களில் மாணவர் மணிக்கட்டில் நிறநிறமாய்க் கயிறு கட்டுகின்றனர். நிறத்தைக் கண்டே இன்ன சாதி என அறியலாம். இக்கயிறு பழைய ஊர்வழக்கமன்று. எம் இளமையில் இதனைக் கண்டிலம். பல ஊர்ப்பிள்ளைகள் பஸ்ஸேறி ஒரே பள்ளியில் வந்து கூடும்போது, முகம் பார்த்து அறிய இயலாமையால் வந்த அடையாளம் இது. நகரத்தின் அறியாமையையும் ஊரின் பகையையும் ஒருங்கே முறுக்கிய கயிறு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஆதிதிராவிட மாணவன் ஒருவன் உடன்பயின்றோரால் வீட்டினுள் புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கவந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசினர் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கை, இக்கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்றது. தடை பள்ளி வாயிலில் நடக்கும். கயிற்றை வாங்கித் தருவோர் யார், கோயிற்கொடைகளில் வழங்குவோர் யார் என்பதனை நம் சங்கத்து ஊர்க்கிளைகள் தத்தம் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளட்டும். எம் மாணவர் சிலர் அவற்றைப் பெற்றது தம் வீட்டாரிடமே.

இனிக் கமுதி வழக்கின் முடிவைக் கூறி அமைவாம். மதுரைத் தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. நம்மவர் சீமைக்கு மேல்முறையீடு கொண்டு போயினர். 1908-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சிலும் வழக்கத்தையே காரணமாகக் கொண்டு நம் வேண்டுகோளை மறுத்தது. தராசு பிடித்துத் தலைமுறைகள் கடந்த வணிகரும் நீதிமன்றத்தில் பனையேறியாகவே நின்றனர். பேட்டையின் செல்வம் முழுதும் ஊரின் வழக்கத்தை வெல்ல மாட்டாதாயிற்று. அவ்வழக்கில் நம்மவர் வாதம், நாங்கள் தாழ்ந்த சாதியார் அல்லேம், உயர்ந்த சாதியார் என்பதே. தாழ்ந்தார் என ஒருவரும் இலர் என்று அவர்கள் வாதிடவில்லை.

முப்பத்தோராண்டு கழிந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாட் காலை, வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அறுவரை அழைத்துக்கொண்டு நுழைந்தார். ஐவர் ஆதிதிராவிடர், அவருள் பின்னாளில் அமைச்சராயிருந்த மேலூர்த் தும்பைப்பட்டிக் கக்கன் ஒருவர். ஆறாமவர் விருதுநகரிலிருந்து வந்த நாடார். கோயிலதிகாரி தடுக்கவில்லை; அறுவரும் ஒரே வாயிலால் உட்சென்று, ஒரே வரிசையில் நின்று கும்பிட்டனர்.

அதன்பின் வந்த சட்டங்களால் கமுதிக் கோயிலும் திறந்தது. ஏனைய கோயில்களும் திறந்தன. நம் உறவின்முறைகள் மகமைப் பணத்தால் எடுத்த கோயில்களும் மண்டபங்களும் கிணறுகளும் ஊர்தோறும் உள. அவற்றின் வாயிலில் அவ்வைவர் வழியினர் இன்று எவ்வாறு வரவேற்கப்படுகின்றனர் என்பதனை ஒவ்வோர் ஊர்க்கிளையாரும் எழுதி அனுப்புவாராயின், வரும் இதழ்களில் ஊர்ப்பெயர் வரிசையாக வெளியிடுவோம்.